ஊழும் முயற்சியும் – ஒரு சீட்டுக்கட்டு எழுப்பும் வினா

மனித வாழ்வில் ஊழின் பங்கு எவ்வளவு, முயற்சியின் பங்கு எவ்வளவு என்னும் வினா மிகப் பழமையானது. மன்னர் அவையிலும் முனிவர் பள்ளியிலும் நூற்றாண்டுகளாக வாதிக்கப்பட்ட இவ்வினா, குழந்தைகளுக்கென ஒரு சிறு சீட்டு விளையாட்டை ஆக்க முற்படுவோர் முன்னும் வந்து நிற்கிறது என்றால் அன்பர்கள் வியக்கலாம். ஆயினும் உண்மை அதுவே. கட்டைக் கலைத்துப் பகிர்ந்து கொடுத்தவுடன் கையில் வந்திருப்பவை நாம் கேட்டுப் பெற்றவை அல்ல. அவற்றுள் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதோ நம் கையில் உள்ளது. இவ்விரண்டின் அளவை வகுப்பவன் விளையாட்டை ஆக்குபவன். அவன் அறிந்தோ அறியாமலோ, உலகம் எவ்வாறு இயங்குகிறது என்பது பற்றிய ஒரு கொள்கையைப் பிள்ளைகளின் கையில் வைத்துவிடுகிறான்.

திருவண்ணாமலை வட்டாரத்தில் நம்மவர் வாழும் ஊர்களில், விடுமுறை நாள்களில் பிள்ளைகளைக் கூட்டி அறநெறி கற்பிக்கும் வழக்கம் உண்டு. அவர்களுக்கு 24 தீர்த்தங்கரர்களின் இலாஞ்சனங்களைக் கொண்டு அழகிய சீட்டுக்கட்டு ஒன்றை ஆக்கித் தரலாகாதா என்னும் எண்ணம் நம்முள் பலருக்கும் தோன்றுவதே. காளை, யானை, குதிரை, குரங்கு, முதலை, காண்டாமிருகம், எருமை, பன்றி, மான், ஆடு, ஆமை, பாம்பு, சிங்கம் எனக் குழந்தைகள் உள்ளம் கவரும் விலங்குகள் அவ்வரிசையில் நிறைந்துள்ளன. தாமரையும் பிறையும் சங்கும் உடன் உள்ளன. போளூரை அடுத்த திருமலையில் நெடிது நிற்கும் நேமிநாதரை வணங்கி வந்த குழந்தை, சங்கு வரைந்த சீட்டைக் கண்டதும் அவரை நினைவுகூரும். இதில் கடினம் ஒன்றும் இல்லை. அச்சீட்டுகளை வைத்து எப்படி ஆடுவது என்பதே கடினமானது. அதனையே இக்கட்டுரையில் சற்று ஆராய்வோம்.

முன்னோர் ஆடிய மூவகை ஆட்டம்

நம் நாட்டில் வழங்கும் விளையாட்டுகளை ஊழும் அறிவும் கலந்துள்ள அளவுகொண்டு மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, முற்றிலும் ஊழால் நடப்பது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்போர் ஆடும் பரமபத சோபானம் இவ்வகையினது. ஆடுபவர் செய்வதெல்லாம் தாயக்கட்டையை உருட்டுவதும், விழுந்த எண்ணுக்கேற்பக் காயை நகர்த்துவதுமே. ஏணியில் ஏறுவதோ பாம்பின் வாயில் விழுவதோ அவர் தேர்ந்துகொண்டதன்று.

இரண்டாவது, முற்றிலும் அறிவால் நடப்பது. ஆடுபுலி ஆட்டம் இதற்குச் சான்று. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் ஆடுகளத்தில் எதிர்நிற்கின்றன. மறைவாக எதுவும் இல்லை. உருட்டுவதற்குக் கட்டையும் இல்லை. கோயில் மண்டபங்களின் கல்தளத்தில் இக்கட்டங்கள் வெட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். சதுரங்கமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

மூன்றாவது, இரண்டும் கலந்தது. தாயம் ஆடுவோர் கட்டை விழுந்தபின் எந்தக் காயை நகர்த்துவது என்று எண்ணிப் பார்க்கிறார்கள். சீட்டாட்டங்கள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. முற்காலத்தில் கஞ்சிபா என்ற பெயரில் வட்ட வடிவச் சீட்டுகள் இந்நாட்டில் வழங்கின. மொகலாயர் கஞ்சிபாவில் இனத்துக்குப் பன்னிரண்டாக எட்டு இனங்கள், ஆக 96 சீட்டுகள். தசாவதாரக் கஞ்சிபாவில் பத்து இனங்கள், ஆக 120 சீட்டுகள். சமயக் கருத்துகளைச் சீட்டில் எழுதுவது நம் நாட்டுக்குப் புதிதன்று என்பதை இது காட்டும்.

ஊழின் வன்மையை எண்ணிக்கையாலும் அறியலாம். தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கங்கள், அவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. ஆகவே விழக்கூடிய வகைகள் 16. அவற்றுள் தாயம் எனப்படும் ஒன்று விழுவது இரண்டு வகைகளில் மட்டுமே, அதாவது எட்டில் ஒரு பங்கு. பன்னிரண்டு விழுவது 16-இல் ஒன்று. தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கலாம் என்று விதி வைத்தால், எட்டு முறை உருட்டியும் இறங்க முடியாதவர் ஏறக்குறைய மூவரில் ஒருவர் இருப்பார். அவர் எவ்வளவு அறிவாளியாயினும் அதனால் பயனில்லை. பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஐந்து வயதுப் பேத்தி முதல் உருட்டலிலேயே உள்ளே போய்விடுவாள்.

பேத்திக்கு அதில் கிடைக்கும் மகிழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆடுபுலி ஆட்டத்தில் அவள் தாத்தாவை நூறு முறை எதிர்த்தாலும் வெல்லமாட்டாள். பத்தாவது தோல்வியில் எழுந்து போய்விடுவாள். ஊழ் கலந்த ஆட்டத்திலோ எளியவருக்கும் ஓர் இடம் உண்டு. இவ்வகையில் ஊழ் ஒரு கருணையே. ஆனால் அக்கருணைக்கு ஒரு விலையும் உண்டு. எண்ணிச் செய்தாலும் எண்ணாமல் செய்தாலும் பயன் ஒன்றே என்பதையும் அதே ஆட்டம் அவளுக்குக் கற்பித்துவிடுகிறது.

ஞான சௌபட் கற்பிப்பது யாது?

பரமபதத்தின் வட இந்திய உறவு ஞான சௌபட் என்னும் பலகை ஆட்டம். இதன் சமண வடிவங்கள் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இராசத்தானத்திலும் குசராத்திலும் மிகுதியாக வரையப்பட்டன. பெரும்பாலானவற்றில் 84 கட்டங்கள் உள்ளன. கீழே நரகங்கள், அதன்மேல் மனித உலகம், அதன்மேல் தேவருலகங்கள், உச்சியில் சித்தர் உறையும் இடம் என உலகின் அமைப்பே ஆடுகளமாகிறது. நற்குணங்கள் ஏணிகளாகவும் தீக்குணங்கள் பாம்புகளாகவும் குறிக்கப்பட்டுள்ளன. இவ்வாட்டமே பின்னர் ஆங்கிலேயர் வழியாக 1890-களில் இங்கிலாந்து சென்று, பாம்பும் ஏணியும் என்ற குழந்தை விளையாட்டாக மாறி, மீண்டும் நம்மூர்க் கடைத்தெருவுக்கே வந்து சேர்ந்தது. கடல் கடந்து சென்றபோது அதன் தத்துவம் பெரிதும் உதிர்ந்துபோயிற்று. பாம்புகளும் ஏணிகளும் மட்டுமே எஞ்சின.

இவ்வாட்டத்தை ஆக்கியோரின் நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. எந்தக் குணம் எங்கே கொண்டுசெல்லும் என்பதைக் கற்பிக்கும் நிலப்படமாக அப்பலகையைக் கொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்தையும் படித்தவாறே செல்லும் குழந்தை தத்துவங்களின் பெயரை எளிதில் கற்கும். இவை அதன் நன்மைகள்.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். ‘தயை’ என்ற கட்டத்தில் காய் நின்றதால் ஏணியில் ஏறுகிறோம். தயை காட்டியதாலா ஏறினோம்? இல்லை, நான்கு விழுந்ததால் ஏறினோம். ‘சினம்’ என்ற கட்டத்தில் பாம்பு விழுங்குகிறது. சினந்ததாலா வீழ்ந்தோம்? இல்லை, மூன்று விழுந்ததால் வீழ்ந்தோம். படம் கூறுவது அறத்தின் வன்மையை; ஆட்டம் கூறுவதோ கட்டையின் வன்மையை. படித்துக் காட்டுவதை விட ஆடிக் காட்டுவதே பிள்ளைகள் மனத்தில் ஆழப் பதியும் என்பதைப் பெற்றோர் அறிவர்.

முயற்சிக்கு இடமே இல்லாத உலகம் என்பது அருகன் அறத்தின் கொள்கையன்று. அது மற்கலி கோசாலர் வழிவந்த ஆசீவகர் கொள்கை. எறிந்த நூல்பந்து தன் நீளம் முடியும்வரை உருண்டே தீரும். உயிரும் அவ்வாறே தன் பிறவிகளைக் கடந்து தானே வீடுறும் என்று அவர்கள் உரைத்தனர். நீலகேசியில் ஆசீவக வாதத்துக்கென ஒரு சருக்கமே அமைந்து, அக்கொள்கை மறுக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம்.

சுவேதாம்பரர் போற்றும் உபாசகதசை என்னும் ஆகமத்தில் வரும் சத்தாலபுத்திரன் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. அவன் ஒரு குயவன், ஆசீவகக் கொள்கையினன். வெயிலில் காயும் பானைகளைச் சுட்டி, இவை முயற்சியால் ஆனவையா, முயற்சியின்றி ஆனவையா என்று பகவான் மகாவீரர் வினவுகிறார். முயற்சியின்றியே; எல்லாம் நியதி என்கிறான் அவன். அவ்வாறாயின் ஒருவன் வந்து இப்பானைகளைத் திருடினாலோ உடைத்தாலோ என்ன செய்வாய் என்று கேட்கிறார். அவனைப் பிடித்து அடிப்பேன் என்கிறான் குயவன். எல்லாம் நியதி என்றால் உடைத்தவன் மேல் குற்றம் ஏது என்ற ஒரே வினாவில் அவன் கொள்கை உடைகிறது. நியதி பேசுவோர் தம் பானை உடையும்வரைதான் நியதி பேசுகிறார்கள் என்பது இதன் நுட்பம்.

சமந்தபத்திரர் காட்டிய நடுவழி

அவ்வாறாயின் எல்லாம் முயற்சியே என்று கொள்ளலாமா? அதுவும் ஒருதலைப் பட்சமே. காஞ்சியோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் ஆசாரிய சமந்தபத்திரர் தம் ஆப்தமீமாம்சையில் இவ்விரு முனைகளையும் எடுத்து ஆராய்கிறார். 114 செய்யுள்களாலான அச்சிறு நூலில் இதற்கெனத் தனிப்பகுதி உண்டு. அவர் கூற்றின் சாரம் இது: எல்லாம் ஊழாலேயே கைகூடும் என்றால், அவ்வூழ் தான் எதனால் உண்டாயிற்று? முன்செய்த முயற்சியால் என்றால் கொள்கை தகர்ந்தது. ஊழிலிருந்தே ஊழ் பிறக்கிறது என்றால் அத்தொடர் அறவே அறாது. வீடும் இல்லை, முயற்சிக்குப் பயனும் இல்லை. மறுபுறம், எல்லாம் முயற்சியாலேயே கைகூடும் என்றால், எல்லா உயிர்களின் முயற்சியும் தவறாமல் பலித்தாக வேண்டும். உலகில் அவ்வாறு காணோம்.

பின் அவர் தரும் முடிவு தெளிவானது. நாம் எண்ணித் திட்டமிடாமல் வந்து சேரும் நன்மை தீமைகளில் ஊழ் தலைமை பெறுகிறது. எண்ணிச் செய்தவற்றால் விளையும் நன்மை தீமைகளில் முயற்சி தலைமை பெறுகிறது. இரண்டும் என்றும் உடன் உள்ளன. நோக்கும் நோக்கால் ஒன்று முன்நிற்கிறது. அநேகாந்த நோக்கின் அழகிய பயன்பாடு இது.

நம்மவர் தம் நூலாகப் போற்றும் திருக்குறளிலும் இந்நெறியே காண்கிறோம். 38ஆம் அதிகாரம் ஊழ். 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. சமண முனிவர் பாடிய நாலடியாரிலும் பழவினைக்கு ஓர் அதிகாரம், தாளாண்மைக்கு ஓர் அதிகாரம். இவற்றை முரண் என்பார் உளர். ஒரே வண்டியின் இரு சக்கரங்களை முரண் என்பது எப்படியோ அப்படியே இதுவும்.

ஊழை எங்கே வைப்பது?

சமந்தபத்திரர் கூற்றை விளையாட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு தெளிவான விதி கிடைக்கிறது. ஊழ் நம் தேர்வுக்கு முன் வரலாம்; தேர்வுக்குப் பின் வந்து அதனை அழிக்கலாகாது.

சீட்டைப் பகிர்ந்தபின் ஆடுவது முன்வரும் ஊழ். கையில் உள்ளது இன்னதென்று தெரிந்துவிட்டது. இனி என் பொறுப்பு. மாறாக, நன்கு எண்ணி ஒரு சீட்டை இறக்கியபின் கட்டையை உருட்டி, ‘இரட்டை விழுந்தால் செல்லும், ஒற்றை விழுந்தால் செல்லாது’ என்று விதிப்பது பின்வரும் ஊழ். முன்னது, பிறந்த இடமும் பெற்ற உடலும் போன்றது. அதைக்கொண்டு வாழக் கற்பிக்கிறது. பின்னது, எண்ணியது வீண் என்று கற்பிக்கிறது. வாழ்வில் பின்வரும் ஊழும் உண்டு. விளைந்த பயிரைப் பெருமழை கொண்டுபோவதைத் திருவண்ணாமலை மாவட்ட உழவர் அறிவர். ஆனால் பயிற்றுவிக்கும் ஆட்டத்தில் அது சிறிதளவே இருக்கவேண்டும்.

இரண்டாவது விதி: ஊழ் பலமுறை சிறுகச் சிறுக வரட்டும், ஒரே முறை பெரிதாக வரவேண்டாம். ஓர் எளிய கணக்குப் பார்ப்போம். ஒரு சுற்றில் நன்கு எண்ணி ஆடுபவர் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 60 என்று கொள்வோம். ஒரே சுற்றில் முடிவு செய்தால் 60 தான். ஐந்து சுற்றில் மூன்றை வெல்லவேண்டும் என்றால் அது 68 ஆகிறது. ஒன்பது சுற்றில் ஐந்து என்றால் 73 ஆகிறது. ஊழ் ஒவ்வொரு சுற்றிலும் அதே வன்மையுடன் இருந்தும், நெடுந்தொலைவில் முயற்சி மேலோங்குகிறது. எளியவருக்கு நூற்றில் 27 முறை வெற்றியும் எஞ்சுகிறது. பொறுமையின் பயனை இதைவிட எளிதாகப் பிள்ளைகளுக்குக் காட்ட இயலாது.

மூன்றாவதாக, நம் வினைக் கோட்பாடே தரும் ஒரு நுட்பம் உண்டு. வினை என்பது கல்லில் வெட்டிய எழுத்தன்று. கட்டுண்ட வினை உயிரோடு தங்கியிருக்கும் நிலை சத்தை. பயன் தரும் நிலை உதயம். தவத்தால் காலத்துக்கு முன்பே அதனைப் பயன்கொடுக்கச் செய்வது உதீரணை. ஒருவகை வினை மற்றொரு வகையாக மாறுவது சங்கிரமணம். எவ்வகையாலும் மாற்ற இயலாது அனுபவித்தே தீரவேண்டியது நிகாசிதம். ஊழுக்குள்ளேயே இத்தனை படிகள் இருப்பதைக் கண்ட பெரியோர் நம் ஆசாரியர்கள். ஆட்டத்தை ஆக்குபவனுக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டி வேண்டுமா?

ஒரு மாதிரியைக் கூறுகிறோம். 24 இலாஞ்சனங்களுக்கும் இவ்விரண்டாக 48 சீட்டுகள், அவற்றோடு எண்வினைகளின் பெயரால் எட்டு வினைச் சீட்டுகள், ஆக 56. வினைச் சீட்டுகளைத் தனியே கவிழ்த்து வைத்துவிட்டு, எஞ்சியவற்றை நால்வருக்கு ஆறாறு பகிரவேண்டும். முறைக்கு ஒரு சீட்டு எடுத்து, ஒன்றை அடுத்தவரிடம் கேட்டு மாற்றி, இணை சேர்ந்தவற்றைத் தரையில் வைக்கவேண்டும். ஆசைப்பட்டு மிகையாக ஒரு சீட்டு எடுக்கலாம். ஆனால் அவ்வாறு எடுத்தால் ஒரு வினைச் சீட்டையும் உடன் எடுத்தாகவேண்டும். அது பார்க்கப்படாமல் மூன்று முறைகள் கவிழ்ந்தே கிடக்கும். பின்னர் திறக்கும், திறந்தால் ஒரு முறை ஆட்டம் இழப்பு. ஆனால் தன் கையிலுள்ள ஒரு நல்ல சீட்டை அடுத்தவருக்குத் தானமாகக் கொடுத்தால் அவ்விழப்பு உதிர்ந்துவிடும். எட்டில் இரண்டு சீட்டுகளில் மட்டும் முடிச்சு வரைந்திருக்கும், அவை நிகாசிதம். அவற்றைத் தானத்தாலும் உதிர்க்க இயலாது, அனுபவிக்கவேண்டும்.

முடிச்சுச் சீட்டு எட்டாக இருந்தால் இது ஆசீவகரின் ஆட்டம். ஒன்றும் இல்லையாயின் உலகை அறியாதவரின் ஆட்டம். இரண்டு என்பது நம் கணிப்பு. ஆடிப் பார்த்து ஒன்றாகவோ மூன்றாகவோ மாற்றிக்கொள்வது ஆடுவோர் உரிமை. அளவு சரிதானா என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. எண்ணி ஆடும் பெரியவரும் புதிதாகக் கற்கும் குழந்தையும் பத்து ஆட்டம் ஆடட்டும். பெரியவர் பாதிக்கு மேல் வெல்லவேண்டும். குழந்தை இரண்டோ மூன்றோ வெல்லவேண்டும். குழந்தை ஒன்றும் வெல்லாவிடில் ஊழ் போதாது. இருவரும் சரிபாதி வென்றால் முயற்சி போதாது.

இவ்வமைப்பில் ஓர் உண்மை தானே விளங்கும். மூன்று முறை கழித்துத் திறந்த வினைச் சீட்டைக் கண்டு குழந்தை, ‘ஐயோ, என் கெட்ட நேரம்’ என்று கூவும். அருகிலிருப்பவர், ‘அப்போது மிகையாக எடுத்தாயே, அதன் பயனல்லவா?’ என்று நினைவூட்டுவார். ஊழ் என்பது நாம் மறந்துபோன முயற்சியே என்னும் பெரும் பாடம் அவ்வொரு கணத்தில் கிடைத்துவிடும்.

சூது ஆகாதா?

இங்கே நம்மவருள் பலர் எழுப்பக்கூடிய தடை ஒன்று உள்ளது. அதனைத் தட்டிக்கழித்தல் முறையன்று. ஏழு விசனங்களுள் முதலில் வைக்கப்பட்டது சூது. ஊன், கள், பரத்தமை, வேட்டை, களவு, பிறன்மனை ஆகியவற்றுக்கெல்லாம் முன்னே அது நிற்கிறது. திருக்குறளும் 94ஆம் அதிகாரத்தில் சூதை இகழ்கிறது. அங்ஙனமிருக்க, சமண இல்லத்தில் சீட்டுக்கட்டா என்று கேட்பது நியாயமே.

நாட்டின் சட்டம் இதற்கு ஒரு விடை தேடிற்று. ஆந்திரப் பிரதேச அரசு – சத்தியநாராயணா வழக்கில், 1968ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான முடிவில், ரம்மி பெரிதும் திறமையால் ஆடப்படுவது என்று உச்ச நீதிமன்றம் கருதிற்று. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்தலும், எதை வைத்து எதைக் கழிப்பது என்று அறிதலும் திறமை என்பது அதன் காரணம். 1996இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த வழக்கொன்றில் குதிரைப் பந்தயத்துக்கும் அவ்வாறே கூறப்பட்டது. ஊழ் மிகுந்தால் சூது, திறமை மிகுந்தால் விளையாட்டு என்பது இவ்வழியில் நிலைபெற்ற அளவுகோல்.

அவ்வளவுகோல் எங்கே கொண்டுவிட்டது என்பதை நாடு கண்டது. பரிசுச் சீட்டை 2003இல் தடை செய்த தமிழ்நாட்டில், கைப்பேசி வழியாக ரம்மி வீடு புகுந்தது. கடன்பட்டு உயிர்நீத்தோர் செய்திகள் நாளிதழ்களில் அடுத்தடுத்து வந்தன. இணையவழிச் சூதைத் தடுக்க மாநில அரசு 2022இல் சட்டம் இயற்றியது. ரம்மியையும் போக்கரையும் ஊழ்வகை ஆட்டங்களாக அச்சட்டம் பட்டியலிட்டது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் கூறிற்று. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா ஊழா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே விலக்கிற்று.

நம் ஆசாரியர்கள் இதனை முன்பே வேறு கோணத்தில் கண்டிருந்தனர். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பண்டித ஆசாதரர் தம் சாகார தர்மாமிர்தத்தில், சூதை விட்டவன் மனமகிழ்ச்சிக்காகப் பந்தயம் கட்டுதலும் குற்றமே என்கிறார். களிப்பும் சினமும் அதனால் எழுவதே காரணம். திறமை எவ்வளவு, ஊழ் எவ்வளவு என்று அவர் அளக்கவில்லை. உயிரின்கண் என்ன நிகழ்கிறது என்று அளந்தார். இதுவே ஆழமான அளவுகோல் என்பது எம் கருத்து. பணம் வைத்து ஆடும் சதுரங்கமும் சூதே. அதில் ஊழ் ஓர் அணுவும் இல்லை என்பதால் அது தூய்மையாகிவிடாது.

ஆகவே, பணையம் இல்லை என்பது மட்டும் போதாது. களிப்பும் சினமும் மிகாத வகையில் ஆட்டத்தை அமைக்கவேண்டும் என்பதும் நம் கடன். தானம் செய்து வினை உதிர்க்கும் விதியும், ஒருவர் ஒருவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளும் விதியும் அதற்காகவே. கடைசி இணை சேர்ந்ததும் நால்வர் வைத்தவற்றையும் ஒன்றாக அடுக்கி, 24 பெயர்களையும் வரிசையாகச் சொல்லி முடித்தால், வென்றவர் யார் என்பது அரை நாழிகையில் மறந்துபோகும். மறந்துபோதலே நன்று. இதனாலும் மனம் கலங்கும் பிள்ளை இருப்பின், அப்பிள்ளைக்கு ஆட்டம் வேண்டாம். படம் மட்டும் போதும்.

மாக்கோழி தரும் எச்சரிக்கை

இன்னொன்றையும் கூறவேண்டும். விளையாட்டுத்தானே என்று எதையும் செய்துவிடலாமா? யசோதர காவியம் இதற்கு விடையளிக்கிறது. உயிருள்ள கோழிக்கு மாற்றாக மாவினால் செய்த கோழியை யசோதரன் பலியிட்டான். குருதி சிந்தவில்லை, ஓர் உயிரும் சாகவில்லை. ஆயினும் கொல்லும் எண்ணம் அவனையும் அவன் தாயையும் பிறவி பிறவியாகத் தொடர்ந்து வருத்திற்று. பொய்யான பொருளின்மேல் செலுத்தப்பட்ட மெய்யான எண்ணம் அது.

நம் சீட்டுகளில் உள்ளவை சிரிக்கும் யானையும் துள்ளும் மானும். சிங்கச் சீட்டு மான் சீட்டை ‘அடிக்கும்’, ‘வெட்டும்’ என்று விதி வைத்தால் ஆட்டம் விறுவிறுப்பாகும் என்பது உண்மை. பல சீட்டாட்டங்களில் அச்சொற்களே வழங்குகின்றன. ஆனால் தீர்த்தங்கரரின் அறச்சபையில் சிங்கமும் மானும் அருகருகே அமர்ந்து அறம் கேட்டன என்று கேட்டு வளரும் குழந்தையின் கையில் அவ்விதியைக் கொடுப்பது எங்ஙனம் பொருந்தும்? எனவே எம் மாதிரியில் எச்சீட்டும் எச்சீட்டையும் வெட்டுவதில்லை, இணைதலே உண்டு.

பிறர் கையைப் பற்றிய பாடம்

முடிவாக, இவ்வினா விளையாட்டோடு நிற்பதன்று. ஊழையும் முயற்சியையும் மக்கள் தம் வசதிக்கேற்ப இடம் மாற்றுகிறார்கள். தாம் வென்றால் முயற்சி என்கிறார்கள். தாம் தோற்றால் ஊழ் என்கிறார்கள். பிறர் வென்றால் அவர் ஊழ். பிறர் தோற்றால் அவர் சோம்பல், அன்றேல் ‘அவன் செய்த வினை’. வினைக் கோட்பாட்டைத் தன்னை நோக்கிச் சொல்லிக்கொள்பவன் திருந்துகிறான். துன்புறும் மற்றொருவனை நோக்கிச் சொல்பவன் கொடியவனாகிறான். கொள்கை ஒன்றே, அதனைத் திருப்பும் திசையில் அறமும் மறமும் பிரிகின்றன.

பௌர்ணமி இரவில் அண்ணாமலையை வலம் வருவோர் 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். பாதையோரம் கையேந்தி அமர்ந்திருப்போரை அவர்களுள் ஒவ்வொருவரும் காண்கிறார்கள். ‘இது இவர்கள் வினை’ என்று எண்ணிக் கடப்பதும் எளிது. ‘உழைத்திருந்தால் இந்நிலை வருமா’ என்று எண்ணிக் கடப்பதும் எளிது. இரண்டும் நடையை நிறுத்தாத எண்ணங்கள். அவ்விரண்டையும் விட்டு நின்று பார்க்கும் உள்ளம் எங்கிருந்து வரும்?

சீட்டு பகிரப்படுவதைக் கண்ணால் கண்ட குழந்தைக்கு அது வரலாம். தன் கையில் நல்ல சீட்டுகள் வந்தது தன் திறமையால் அன்று என்பதை அது அறியும். எதிரில் இருப்பவன் தோற்பது அவன் மூடன் என்பதால் மட்டும் அன்று என்பதையும் அறியும். அதே வேளையில், வந்த கையைக் கொண்டு நன்கு ஆடுவது தன் கடன் என்பதையும் அறியும். தனக்கு முயற்சியையும் பிறருக்கு இரக்கத்தையும் அளவுகோலாகக் கொள்ளும் பழக்கம் அங்கே விதையாக விழும்.

ஒரு சீட்டுக்கட்டு நற்காட்சியைத் தந்துவிடாது; அத்தகைய பெருமையை அதற்கு நாம் ஏற்றிச் சொல்லவில்லை. நல்லாசிரியரும் நன்னூலும் பெற்றோர் ஒழுக்கமுமே அதற்கு வழி. ஆயினும் பிள்ளைகள் ஆடாமல் இருப்பதில்லை. நாம் ஆக்கித் தராவிடில் வேறொருவர் ஆக்கித் தருவதை ஆடுவார்கள். அவர் வகுக்கும் அளவு ஊழையும் முயற்சியையும் பற்றியதாக இராது. நம் பிள்ளைகள் எவ்வளவு நேரம் கைப்பேசியை விட்டு எழாமல் இருப்பார்கள் என்பதைப் பற்றியதாகவே இருக்கும். ஆதலின் ஓவியம் வல்லாரும், கணக்கு வல்லாரும், ஆகமம் கற்றாரும் ஓரிடத்தில் கூடி, முடிச்சுச் சீட்டு இரண்டா மூன்றா என்று வாதிட்டுப் பார்ப்பது வீண்பொழுது ஆகாது என்று கருதுகிறோம். வந்த கை எதுவாயினும், அதனை நன்கு ஆடுவோமாக. தோற்றவர் தோளில் கை வைப்போமாக.